கிரீம் இல்லாமல் காய்கறி சூப் வழவழப்பாக வருமா?

கேள்வி – நவம்பர் 6, மாலை

சென்னையில் மழை பிடித்துக்கொண்டது. ராத்திரிக்கு வீட்டில் எல்லோரும் சூப் கேட்கிறார்கள். கேரட், பீன்ஸ், கோஸ், பட்டாணி எல்லாம் நறுக்கிப் போட்டு வேகவைத்து, சோள மாவு கரைத்து ஊற்றுகிறேன். அடியில் காய், மேலே தண்ணீர் என்று தனித்தனியாக நிற்கிறது. மாவைக் கூட்டினால் பசையாகிவிடுகிறது. பிள்ளைகள் காயை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் குடிக்கிறார்கள். மாமியாருக்குக் கிரீம் ஆகாது. கிரீம் ஊற்றாமல் ஹோட்டல் பதம் வரவே வராது என்று நாத்தனார் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

நவம்பர் 6, இரவு

உண்மை இல்லை. கிரீம் கடைசியில் சேர்க்கும் ருசி, அவ்வளவுதான். பதம் அதற்கு முன்பே காயில் வந்திருக்க வேண்டும். கடையில் அட்டைப் பெட்டியில் வரும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நீர்த்த சூப்பில் அதை ஊற்றினால் வெள்ளையாக நீர்த்த சூப் கிடைக்கும்.

தண்ணீரைக் குறையுங்கள், காயை அரையுங்கள். நான் கோவையில் வீட்டில் செய்வது இப்படி. 4 பேருக்கு கேரட் 250 கிராம், பெரிய வெங்காயம் 1, சின்ன உருளைக்கிழங்கு 1, பூண்டு 4 பல், வெண்ணெய் 20 கிராம், தண்ணீர் 500 மில்லி, காய்ச்சி ஆறிய பால் 150 மில்லி. பீன்ஸ் வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன்.

குக்கரிலேயே வெண்ணெயை உருக்கி, வெங்காயத்தையும் பூண்டையும் ஒரு சிட்டிகை உப்போடு போட்டு, தட்டால் மூடி, சின்னத் தீயில் 10 நிமிடம் வையுங்கள். நடுநடுவே கிளறினால் போதும். வெங்காயம் கண்ணாடி போல் ஆக வேண்டும், சிவக்கக் கூடாது. சிவந்தால் குருமா வாசனை வந்துவிடும். பிறகு கேரட்டைப் போட்டு இன்னும் 5 நிமிடம். கேரட்டின் நிறம் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் வெண்ணெய் ஆரஞ்சாக மாறும். சூப்பின் நிறம் இந்த 5 நிமிடத்தில் முடிவாகிறது. அப்புறம் உருளைக்கிழங்கு, தண்ணீர், 3 விசில். ஆவி அடங்கியதும் காயைத் தனியாக வடித்தெடுத்து, ஒரு கரண்டி வேகவைத்த தண்ணீரோடு மட்டும் மைய அரையுங்கள். மைந்த பிறகு மீதித் தண்ணீரை விட்டு உங்களுக்கு வேண்டிய பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் முழுவதையும் ஊற்றி அரைத்தால் காய் பிளேடில் படாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், திரிதிரியாக நிற்கும்.

சூடாக்கி, அடுப்பை அணைத்து, பாலை விட்டுக் கலக்குங்கள். மிளகு இடித்துப் போடுங்கள்.

நவம்பர் 7, காலை

அவசரமாக ஒன்று. நேற்று எழுதாமல் விட்டதால் இரவெல்லாம் உறுத்தியது. கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் போட்டு மூடியை அழுத்தி ஓட்ட வேண்டாம். சூடான காயை பிளேடு சுழற்றியதும் உள்ளே ஆவி திடீரென்று பெருகி மூடியைத் தூக்கி எறியும். கெட்டியான சூப் தோலில் பட்டால் வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு சுடும். குறைந்தது 15 நிமிடம் ஆறட்டும். ஜாரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். முதலில் விட்டு விட்டு ஒரு சுற்று, மூடியைத் திறந்து ஆவியை விட்டு, பிறகு தொடர்ந்து ஓட்டுங்கள்.

கை பிளெண்டர் இருந்தால் பாத்திரத்திலேயே அரைத்துவிடலாம். அதன் தலை முழுவதும் மூழ்கிய பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

நவம்பர் 9

சோள மாவு கெடுதலா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். கெடுதல் இல்லை. ஆனால் அது தண்ணீரைத்தான் கெட்டியாக்கும், காயை அல்ல. ஸ்வீட் கார்ன் சூப்பில் கண்ணாடி போல் தெளிவாக நிற்கும் கெட்டி வேண்டும், அங்கே அது சரி. வாயில் வெண்ணெய் போல் இறங்க வேண்டிய சூப்புக்கு அது உதவாது. ஆறியதும் ஆடை கட்டும் வேறு.

மைதாவை வெண்ணெயில் வறுத்துப் பால் விட்டுச் செய்வதும் உண்டு. 1 டம்ளர் பாலுக்கு 1 டேபிள்ஸ்பூன் மைதா, அதே அளவு வெண்ணெய். பச்சை வாசனை போக சின்னத் தீயில் 2, 3 நிமிடம் வறுக்க வேண்டும், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், இல்லையென்றால் கட்டி தட்டும். நன்றாகத்தான் வரும். ஆனால் குடித்து முடித்தபின் நாக்கில் மைதா ருசி தங்குகிறது, காயின் ருசி பின்னால் போய்விடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. காளான் சூப்புக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். காளானில் மாவுச்சத்து கிடையாது, அரைத்தாலும் கெட்டிப்படாது.

நவம்பர் 9, சற்றுக் கழித்து

சோள மாவு சூப் கிண்ணத்தில் இருக்க இருக்க நீர்த்துப் போவதைக் கவனித்திருக்கிறீர்களா? பாத்திரத்தில் கெட்டியாக இருக்கும், பிள்ளை பாதி குடித்துவிட்டு வைத்த கிண்ணத்தில் தண்ணீராகியிருக்கும். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. அதனால் ருசி பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விடக் கூடாது. எச்சில் பண்ணாதே என்று பாட்டி அதட்டியதில் சமையல் லாபமும் இருக்கிறது.

நவம்பர் 13

உருளைக்கிழங்கு பற்றி இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'சின்னதாக 1' என்று எழுதியதைப் படித்துவிட்டு, 3 போட்டால் இன்னும் கிரீமாக வருமே என்று ஒருவர் கேட்கிறார். வராது. இழுத்தால் நூல் நூலாக வரும். கிழங்கின் மாவுச்சத்து 60 டிகிரியைத் தாண்டியதும் தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். வெந்த கிழங்கில் உப்பிய அந்த மணிகள் முழுசாக இருக்கும்வரை மெத்தென்று இருக்கும். மிக்ஸி பிளேடு அவற்றைக் கிழித்துவிட்டால் மாவுச்சத்து வெளியே கொட்டிப் பசையாகிவிடும்.

கிழங்கு அதிகமாக வேண்டுமென்றால் அதை மிக்ஸிக்குக் கொடுக்காதீர்கள். மற்ற காயை மட்டும் அரைத்துவிட்டு, கிழங்கை கீரை மத்தால் மசித்துச் சேருங்கள். பெரிய கண் வடிகட்டியில் தேய்த்து இறக்கினால் இன்னும் நன்றாக வரும்.

புதுக் கிழங்கில் மாவு குறைவு, வெந்தாலும் கட்டியாக நிற்கும். தோல் தடித்த பழைய கிழங்கு சூப்புக்கு நல்லது. எங்களுக்கு மேட்டுப்பாளையம் மண்டி பக்கம் என்பதால் நீலகிரிக் கிழங்கு, வடக்கிலிருந்து வருவது இரண்டும் கிடைக்கும். எனக்கு நீலகிரிக் கிழங்குதான்.

கேள்வி கேட்டவர் – நவம்பர் 15

கேரட் சூப் வந்தது! நாத்தனாரே கிரீம் எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்டார். இன்று அதிலேயே 4 தக்காளி சேர்த்தேன், பால் ஊற்றியதும் திரிந்துவிட்டது. கேரட்டும் சரியாக வேகவில்லை. ஏன்?

நவம்பர் 16

இரண்டுக்கும் காரணம் தக்காளிப் புளிப்புதான்.

சாம்பாரில் காய் வெந்த பிறகுதானே புளி விடுகிறோம்? புளிப்பில் காய் மெத்தென்று ஆவது தாமதமாகும். தக்காளியைக் கேரட்டோடு குக்கரில் போட்டால் அதே கதை. தக்காளியைத் தனியாக வதக்கி, தோல் நீக்கி அரைத்து, வெந்து அரைத்த கேரட்டில் பிறகு சேருங்கள்.

பால் திரிவதற்குப் புளிப்பும் சூடும் சேர வேண்டும். இரண்டில் ஒன்றைக் குறைத்தால் தப்பிக்கலாம். அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின், ஒரு கரண்டி சூப்பை எடுத்துப் பாலில் விட்டுக் கலக்கி, அந்தப் பாலை மெல்லப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு கொதிக்க விடக் கூடாது. மோர்க்குழம்பை நுரை கூடியதும் இறக்குகிற அதே கவனம். கேரட்டும் கிழங்கும் தக்காளியைவிட அதிகமாக இருந்தால் புளிப்பு அமுங்கும், பாலுக்கும் ஆபத்து குறையும். பாலில் அரை டீஸ்பூன் சோள மாவு கரைத்துக்கொண்டாலும் அது சுலபத்தில் திரியாது. சோள மாவை நான் இப்படி மட்டும் பயன்படுத்துகிறேன்.

தக்காளி மட்டுமே போட்டுச் செய்யும் சூப் என்றால் பாலே வேண்டாம். முந்திரி 10 எடுத்து வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து அரைத்து விடுங்கள். முந்திரி விழுது புளிப்புக்குத் திரியாது. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் புளிப்பு போய்விடும் என்று சொல்வார்கள். போகும், கூடவே தக்காளியின் ருசியும் போகும்.

நவம்பர் 16, இரவு

எந்தப் பால் என்று கேட்டால், கொழுப்பு கூடிய பால். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம், நீல பாக்கெட்டில் 3 சதவீதம். ஆரஞ்சில் செய்தால் கிரீமைப் பற்றிய நினைப்பே வராது.

நவம்பர் 21

இந்தச் சூப்பில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்காகத்தான்.

அம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது. மிச்சமிருந்த பல்லையும் எடுத்துவிட்டுப் பல் செட் கட்டும்வரை மெல்ல முடியவில்லை. ரசம் சாதம், கஞ்சி, மறுபடி ரசம் சாதம். தட்டில் காய் என்பதே இல்லாமல் போயிற்று. எடையும் குறைந்தது. சூப் வைத்துக் கொடுத்தால், "காய்ச்சல்காரிக்குக் கொடுக்கிற மாதிரி எதுக்குடா இது" என்று தள்ளி வைத்துவிடுவார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காய் வெந்த தண்ணீரில் மிளகுத்தூள் போட்டதைத்தானே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்போம், நீங்கள் பரங்கிக்காய் என்று சொல்வது. அதை வெங்காயத்தோடு வெண்ணெயில் வதக்கி, பாசிப்பருப்பு 2 டேபிள்ஸ்பூன் சேர்த்து வேகவைத்து, மைய அரைத்து, சீரகத்தூளும் உப்பும் போட்டு ஒரு டம்ளரில் கொடுத்தேன். கிண்ணத்தில் இல்லை, டம்ளரில். குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார். பல் செட் வந்து இப்போது முறுக்கே சாப்பிடுகிறார். ஆனாலும் சாயங்காலம் 7 மணி ஆனால் டம்ளரைத் தேடுகிறார்.

பெரியவர்களுக்குச் செய்யும்போது அளவு சின்னதாக, சத்து நெருக்கமாக இருக்கட்டும். ஒரு டம்ளரில் ஒரு கிண்ணம் காயும் பருப்பும் அடங்க வேண்டும். தண்ணீரால் வயிறு நிறைந்துவிட்டால் பிறகு சாதம் இறங்காது.

நவம்பர் 22

பீன்ஸ் பாக்கி. பீன்ஸ், கோஸ், சோளம், பட்டாணி நாலும் அரைத்தால் மையாது. நாரும் தோலும் நாக்கில் தட்டும். பட்டாணியும் சோளமும் போட்டே ஆக வேண்டுமென்றால் வடிகட்டியில் தேய்த்து வடிகட்டுங்கள். கோஸ் நெடுநேரம் வெந்தால் கந்தக வாசனை வரும், வீடு முழுக்க நிற்கும். பீட்ரூட் ஒரு துண்டு போட்டாலும் எல்லாவற்றையும் தன் நிறத்துக்கு மாற்றிவிடும். கீரையும் கேரட்டும் சேர்ந்தால் சேற்று நிறம் வரும், பிள்ளைகள் கிட்டேயே வர மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு நிறக் காய் போதும். ஃப்ரிட்ஜில் இருக்கிற எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவதற்கு அவியல் இருக்கிறது.

டிசம்பர் 1

பால் பொருள் ஆகாதவர்களுக்கு என்ன என்று கேட்டவருக்கு: திருநெல்வேலிச் சொதியைப் பாருங்கள். பாசிப்பருப்பு, கேரட், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், தேங்காய்ப்பால். இரண்டாம் பால், மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் விட்டு, கொதி வருமுன் இறக்கிவிடுவார்கள். எலுமிச்சை அதற்கும் பிறகு. நான் மேலே பாலுக்குச் சொன்ன விதி முழுவதும் அதில் இருக்கிறது. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், பாலுக்குப் பதில் முதல் தேங்காய்ப்பால் அரை டம்ளர் என்று மாற்றிக்கொண்டால் அரசாணி சூப் பிரமாதமாக வரும். ஒரு துண்டு இஞ்சி சேருங்கள். கேரட்டுக்கும் பொருந்தும். காலிஃப்ளவரோடு எனக்கு ஒத்துவரவில்லை.

டிசம்பர் 2

முருங்கைக்காயை மேலே எழுதியதும் ஞாபகம் வந்தது. முருங்கைக்காய் சூப்பை அரைத்துச் செய்கிறவர்கள் அதன் தோலோடு மிக்ஸியில் போட்டு வடிகட்டுகிறார்கள். கசப்பு ஏறுகிறது. வேகவைத்து, நடுவில் கீறி, ஸ்பூனால் சதையை மட்டும் வழித்தெடுங்கள். முற்றிய விதையை எடுத்துவிடுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் அந்தச் சதையே வழவழப்பு, வேறு எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. வீட்டில் யாராவது செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தால் கையில் ஸ்பூனைக் கொடுத்து உட்கார வைத்துவிடுங்கள்.

டிசம்பர் 8

கொஞ்சம் விலகிப் போகிறேன். போன வாரம் ஊட்டி மார்க்கெட்டில் லீக்ஸ் கிடைத்தது. வெங்காயத் தாளின் பெரிய அண்ணன். பிரான்சில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு சூப் உண்டு, பார்மென்டியே என்பவரின் பெயரால் அழைக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கு சாப்பிடத் தயங்கிய பிரெஞ்சு மக்களிடம் அதைக் கொண்டுசேர்க்கப் பாடுபட்டவர். அவர் பெயரைத் தாங்கிய அந்த எளிய சூப்பில் லீக்ஸ், கிழங்கு, தண்ணீர், உப்பு, கடைசியில் கொஞ்சம் வெண்ணெயோ கிரீமோ, அவ்வளவுதான். மசாலா கிடையாது, காய் வெந்த தண்ணீரைத் தவிர வேறு சாறு கிடையாது.

செய்து பார்த்தேன். லீக்ஸின் இடுக்குகளில் மண் இருக்கும், நீளவாக்கில் பிளந்து கழுவுங்கள். வெள்ளைப் பகுதியும் இளம்பச்சையும் மட்டும் போதும். மத்தால் மசித்தேன். வீட்டில் உப்புச் சப்பில்லை என்ற பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மகன் மட்டும் மிளகாய்த்தூள் தேடினான். இந்தச் சூப்பில் உப்பு சரியாக இருந்தால் போதும், வேறு எதுவும் தேவைப்படாது. லீக்ஸ் கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயத்தையே 2 மடங்கு போட்டு, சின்னத் தீயில் 20 நிமிடம் வதக்குங்கள்.

டிசம்பர் 14

பிள்ளைகள் பற்றி யாருமே சரியாகக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முழுக்க வழவழப்பாக இருந்தால் நாலாவது ஸ்பூனில் அலுப்பு வந்துவிடும். கடிக்க ஏதாவது வேண்டும். ரொட்டித் துண்டை நெய்யில் வறுத்துப் போடுவது வழக்கம். எங்கள் வீட்டில் ஓமப்பொடி. காரப்பொரியும் நன்றாக இருக்கும். அடுப்படியிலேயே தூவிவிடாதீர்கள், ஊறிப்போகும். தனிக் கிண்ணத்தில் மேசையில் வையுங்கள், அவரவர் போட்டுக்கொள்ளட்டும். தானே தூவிக்கொள்கிற சந்தோஷத்திலேயே பாதி சூப் உள்ளே போய்விடும்.

கெட்டியான சூப் ரசத்தைப் போல் சீக்கிரம் ஆறாது. மேலே ஆடை கட்டியிருந்தாலும் நடுவில் சூடு அப்படியே இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அகலமான தட்டில் ஊற்றிக் கொடுங்கள்.

டிசம்பர் 15

மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது, கிழங்கைத் தவிர்க்க வேண்டும் என்பவருக்கு: காலிஃப்ளவர். வெண்மையான பூவை மட்டும் வேகவைத்து அரைத்தால் கிழங்கே இல்லாமல் கிரீம் போல வரும். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், குக்கரில் ஒரு விசிலுக்கு மேல் விடாதீர்கள், கோஸ் வாசனையே இதற்கும் வரும். பூவை உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் 5 நிமிடம் போட்டுப் புழு பார்த்துவிட்டு, மஞ்சள் போக அலசுங்கள். கூடவே முந்திரி 6. சுரைக்காய், பீர்க்கங்காய் இரண்டிலும் தண்ணீர் அதிகம், அவற்றுக்குப் பாசிப்பருப்பு துணை வேண்டும்.

ஓட்ஸ் போடலாமா என்கிறார். ஒரு டேபிள்ஸ்பூன் போடலாம், உடனே குடிப்பதாக இருந்தால். அரை மணி வைத்தால் கஞ்சியாகிவிடும்.

ஜனவரி 4

பொங்கலுக்கு 20 பேர் வருகிறார்கள், முந்தின நாளே செய்து வைக்கலாமா என்று இழையைத் தொடங்கியவரே கேட்டிருக்கிறார். செய்யலாம். பால் ஊற்றுவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். அரைத்த விழுதை முழுவதும் ஆறவைத்து, கெட்டியாகவே ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் இன்னும் கெட்டியாகியிருக்கும், அது மாவுச்சத்து இறுகுவதால், கெட்டுப்போனதால் அல்ல. வெந்நீர் விட்டு, அடி கனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். ஒரு கொதி வரட்டும், அணைத்து 5 நிமிடம் கழித்துப் பால்.

கேரட் ஒன்றேகால் கிலோவும் மற்றவை 5 மடங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மட்டும் 5 மடங்கு ஊற்றாதீர்கள், குக்கரில் காய் மூழ்கும் அளவுக்கு மட்டும் வைத்துவிட்டு, மீதியைச் சூடாக்கும்போது பதம் பார்த்து விடுங்கள். மிக்ஸியில் பல தடவையாக அரைக்க வேண்டியிருக்கும், மோட்டார் சூடானால் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். உப்பை முதல் நாள் பாதி, பால் விட்ட பிறகு மீதி.

நாத்தனாரும் வருகிறார் என்றால் அரசாணி செய்யுங்கள்.